கண்டியிலிருந்து தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு நாள்: புதியவர்களுக்கான செய்முறை

கண்டியிலிருந்து தம்புள்ளை ஏறத்தாழ 72 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் வரை நீளும் அதே ஏ9 வீதிதான்; கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டிவிட்டால் வழி கேட்கும் வேலையே இல்லை. ஊருக்குள் மட்டும் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் முதன்முதலாக நீண்ட தூரம் போக இதைவிட நல்ல பாதை இலங்கையில் குறைவு என்பேன்.

பெரும்பாலானோர் மாத்தளை, அலுவிகாரை, நாலந்த என்று வரிசையாக நின்று நின்று போய், உச்சி வெயிலில் தம்புள்ளைப் பாறையில் ஏறுகிறார்கள். நான் சொல்வது தலைகீழ் முறை. போகும்போது எங்கும் நிற்க வேண்டாம். காலையிலேயே குகைகளைப் பார்த்துவிட்டு, மற்றவற்றைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கால் சுடாது என்பது ஒரு காரணம். இந்தக் குகைகளோடு பிணைந்த வலகம்பா மன்னனின் கதையை அறிந்துகொண்டு அலுவிகாரைக்குப் போனால்தான் அந்தச் சிறிய விகாரையின் அருமை தெரியும் என்பது இன்னொன்று.

படி 1: முதல் நாள் மாலையில்

125 சிசி ஸ்கூட்டரே போதும். டயரில் காற்று, பிரேக், முன்விளக்கு ஆகியவற்றைப் பாருங்கள்; ஸ்கூட்டர் அல்லாத வண்டி என்றால் சங்கிலியையும். பெற்றோலை அன்றே நிரப்பிவிடுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வாகன வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிப் பத்திரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். வாடகை வண்டி என்றால் பின்னிரண்டும் செல்லுபடியானவையா என்று கடைக்காரர் முன்னிலையிலேயே தேதியைப் படித்துப் பாருங்கள். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம்.

இந்தியாவிலிருந்து வருபவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கொண்டுவந்தால் மட்டும் போதாது. அது இலங்கையில் செல்லுபடியாக உள்ளூர் அங்கீகாரமும் பெற வேண்டும். அந்த அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதை ஊரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டும் உரிமை மட்டும் இருந்தால் விபத்து நேரும்போது காப்புறுதி கைகொடுக்காது.

உடை விஷயத்தில் ஒரே விதி: தோளும் முழங்காலும் மறைய வேண்டும். கழற்றி மாட்ட எளிதான காலணியும், ஒரு சோடி தடித்த காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருப்பவர்கள் அதை மூடியே வைத்திருக்க வேண்டும். இதை இங்கே யாரும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 2: புறப்பாடு

ஐந்தரைக்குக் கிளம்புங்கள். கட்டுகஸ்தோட்டையும் அக்குறணையும் எட்டு மணிக்கு மேல் நெரிசலில் திணறும் ஊர்கள்; விடியலில் அவற்றைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். மாத்தளை வரை மலைச்சரிவு, வளைவுகள். எதிரே தனியார் பஸ் ஒன்று முந்திக்கொண்டு வந்தால் உரிமை பேசாமல் ஓரம் கட்டுங்கள். மாத்தளையைத் தாண்டியதும் இருபுறமும் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் வரும். இலவசமாகச் சுற்றிக்காட்டி, கடைசியில் தைலம் விற்பார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. நாவுலவுக்குப் பிறகு தரை சமமாகி, காற்று வெதுவெதுப்பாகும். உலர் வலயம் தொடங்கிவிட்டது.

ஒக்டோபர் முதல் சனவரி வரை இந்தப் பக்கம் மழைக்காலம். போயா எனப்படும் பௌர்ணமி தினங்களில் வெள்ளை உடுத்த பக்தர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பார்க்க அழகு, ஆனால் குகைக்குள் நின்று நிதானிக்க இடமிருக்காது.

படி 3: வண்டியை விட்டு ஏறுதல்

தலைக்கவசத்தை வண்டியோடு பூட்டுங்கள். உணவுப் பொதியைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். பாறையின் உண்மையான உரிமையாளர்களான குரங்குகள் அதைப் பிரித்துப் பார்த்துவிடும். கையில் வாழைப்பழமோ பிளாஸ்டிக் பையோ தெரியாமல் ஏறுவது நல்லது. வெளிநாட்டவர் கீழேயே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அடிவாரத்தில் பெரிய தங்க நிறப் புத்தர் சிலையோடு இருப்பது நவீன காலக் கட்டடம்; அதைப் படம் பிடித்துவிட்டுத் தம்புள்ளையைப் பார்த்ததாக நினைத்துத் திரும்புகிறவர்களும் உண்டு. நாம் தேடி வந்தது மேலே இருக்கிறது. கால் மணி நேரம் முதல் இருபது நிமிடம் வரை படியேறினால் போதும். வானம் தெளிவாக இருந்தால் மேலிருந்து சிகிரியா தெரியும்.

படி 4: உள்ளே போகும் முன் கதை

இதைத் தவிர்த்துவிட்டு நுழைந்தால் ஐந்து குகைகளும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆகவே வாசலில் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

வட்டகாமணி அபயன் என்ற வலகம்பா, கி.மு. 103இல் அநுராதபுரத்தில் அரியணை ஏறினான். சில மாதங்களிலேயே ஏழு தமிழ்த் தலைவர்கள் மாதோட்டத்தில் படையோடு இறங்கினார்கள் என்கிறது பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சம். தோற்ற மன்னன் தேரில் தப்பியோடுகிறான். தேரின் பாரம் குறைய வேண்டும். அரசி சோமதேவி சம்மதித்து இறங்கிக்கொள்கிறாள். அவளிடம் தன் முடிமணியைக் கொடுத்துவிட்டு அவன் போகிறான். ஏழு தலைவர்களில் ஒருவன் அவளைக் கவர்ந்துகொண்டு கடல் கடந்து போகிறான். 14 ஆண்டுகள் கழித்து வலகம்பா அரசை மீட்டதும் அவளை வரவழைத்து மீண்டும் அரசியாக்கி, அவள் பெயரில் ஒரு விகாரையும் கட்டினான்.

ஒளிந்திருந்த காலத்தில் தனக்கு அடைக்கலம் தந்த குகைகளையே அவன் கோயிலாக்கினான் என்பது தம்புள்ளை மக்களின் நம்பிக்கை. மகாவம்சம் பேசுவது மலைநாட்டில் ஒளிந்திருந்ததைப் பற்றித்தான். தம்புள்ளை ஊர் வழக்கிலிருந்து வந்து சேர்கிறது. இரண்டையும் தனித்தனியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூலில் இல்லாததால் ஊர்க்கதையின் சுவை குறைந்துவிடாது. தமிழ்ப் படையெடுப்பு என்றதும் கூச்சமோ கோபமோ தேவையில்லை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசர்களின் கணக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை.

படி 5: ஐந்து குகைகள்

நுழையும் முன் பாறையின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருக்கிறார்கள். அதன் கீழே பிராமிக் கல்வெட்டு. துறவிகள் வாழ்ந்த குகை என்பதற்கு இவையே பழைய சான்று. வெள்ளை முகப்பு வளைவுகள் 1938இல் சேர்ந்தவை.

முதல் குகை, தேவராஜ லேன. பாறையிலேயே செதுக்கிய, ஏறக்குறைய 14 மீற்றர் நீளமான சயனப் புத்தர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார். பின்வாங்கி நின்று முழுதாகப் பார்க்க இடமில்லை. பாதத்தருகே அவருடைய சீடர் ஆனந்தர். இக்குகைகளை விஷ்ணுவே தம் ஆற்றலால் உண்டாக்கினார் என்றொரு நம்பிக்கை இருக்கிறது. பக்கத்திலேயே அவருக்குச் சந்நிதியும் உண்டு.

இரண்டாவதான மகாராஜ லேனவில் அரை மணி நேரமாவது இருங்கள். 52 மீற்றர் நீளம். கூரையில் ஓவியம் இல்லாத ஒரு சாண் இடம் கிடையாது. பாறையின் மேடு பள்ளத்தைச் சமப்படுத்தாமல் அப்படியே வரைந்திருப்பதால், சற்றுத் தள்ளி நின்றால் துணியால் பந்தல் கட்டியது போலத் தோன்றும். வலகம்பாவின் சிலை இங்கே இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் 73 சிலைகளுக்குப் பொன் பூசிய நிசங்கமல்ல மன்னனின் சிலையும் இருக்கிறது. புத்தரின் தவத்தைக் கலைக்க வந்த மாரனின் படை அவரைச் சூழும் காட்சியைத் தேடுங்கள். எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருதும் காட்சியும் இங்கேதான். ஒரு மூலையில் கூரையிலிருந்து சொட்டும் நீர் பாத்திரத்தில் சேர்கிறது. எந்தக் கோடையிலும் அது வற்றுவதில்லை என்கிறார்கள். பூசைக்கான நீர் அது, தொட வேண்டாம்.

மூன்றாவது, மகா அலுத் விகாரை. கண்டியை 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் உருவாக்கியது. அவனுடைய சிலையின் முன் தமிழர் கொஞ்சம் நிற்கலாம்: மதுரைப் பக்கத்து நாயக்கர் வழிவந்தவன் அவன். 1753இல் சியாமிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த துறவு மரபை மீட்டவனும் இவனே. இன்று நாம் காணும் ஓவியங்களில் பெரும்பகுதி இவன் காலத்தில் தீட்டப்பட்டது.

நான்காவது குகையில் சிறிய தாதுகோபம், அதாவது ஸ்தூபி ஒன்று. சோமாவதி என்றும் அழைக்கப்படும் அரசி சோமதேவியின் நகைகள் இதற்குள் இருப்பதாக எண்ணித் திருடர்கள் உடைத்தார்கள் என்பது கதை. தேரிலிருந்து இறங்கியவளின் கையில் இருந்த முடிமணியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது 1915இல் புதுப்பிக்கப்பட்டது. சிலைகள் செங்கல்லும் சாந்தும். விஷ்ணுவோடு கதிர்காமக் கடவுளும், அதாவது நம் முருகனும் உண்டு.

படம் எடுக்கும்போது புத்தருக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. முற்றத்துத் தரை பத்து மணிக்கே சுடத் தொடங்கும். காலுறையின் பயன் அப்போது தெரியும்.

வெளியே வரும்போது இன்னொரு செய்தி. 1848 ஜூலை 26 அன்று இந்த விகாரையில்தான் கொங்காலேகொட பண்டாவுக்கு, ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்த கிளர்ச்சியாளர்கள் முடிசூட்டினார்கள். ஆளுநர் டொரிங்டன் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி போட்டதோடு, வீதி வேலைக்குக் கட்டாய உழைப்பும் கேட்ட காலம் அது. அங்கிருந்து கூட்டம் மாத்தளைக்கு நடந்தது. நீங்களும் அந்தத் திசையில்தான் திரும்பப்போகிறீர்கள்.

படி 6: திரும்பும் வழி

தம்புள்ளையில் சோறு சாப்பிட்டுவிட்டுப் பதினொன்றரைக்குள் கிளம்பினால் நிதானமாக வரலாம். பிரதான வீதியிலிருந்து கிழக்கே சிறிது தூரம் விலகினால் நாலந்த கெடிகே. போவத்தன்ன நீர்த்தேக்கம் கட்டியபோது கல் கல்லாகப் பிரித்து உயரத்தில் மீண்டும் அடுக்கிய கோயில். மாமல்லபுரம் பார்த்தவர்களுக்குப் பல்லவர் பாணி உடனே பிடிபடும். ஆனால் இது பௌத்த வழிபாட்டிடம். பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.

மாத்தளைக்கு 3 கிலோமீற்றர் முன்னால் அலுவிகாரை. வலகம்பா காலத்தில் போரும் பஞ்சமும் பிக்குகளைத் தின்றன. மனப்பாடமாகவே வந்துகொண்டிருந்த பௌத்த மறைநூலான திரிபிடகம் அவர்களோடு அழிந்துவிடும் என்ற அச்சத்தில், அதை இங்கே முதன்முறையாக ஓலையில் எழுதினார்கள். எழுதியவர்கள் ஐந்நூறு பேர் என்பது மரபு. ஊர்க்கதையோ வேறு: இங்குள்ள மூன்று பாறைகள் ஒரு பூதம் சோறாக்கிய அடுப்புக் கற்களாம். ஓலையில் எழுத்தாணி ஓடும் விதத்தை இங்கே காட்டுவார்கள். நரக வேதனைகளைக் காட்டும் குகையைச் சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் தவிர்த்துவிடுங்கள்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரம் வீதியிலிருந்தே தெரியும். மாலை பூசைக்கு நேரம் ஒத்துவந்தால் இறங்குங்கள். கனமழை பெய்திருந்தால் அக்குறணை வீதியில் வெள்ளம் ஏறும். அப்போது மாத்தளையிலிருந்து உக்குவளை, வத்தேகம வழியாகக் கண்டிக்கு இறங்குங்கள். வளைவு அதிகம், வீதி ஒடுக்கம், இருட்டியபின் விளக்கும் குறைவு. ஆகையால் ஐந்து மணிக்குள் அந்த முடிவை எடுத்துவிட வேண்டும்.