ஐந்து எண்களும் ஒரு நாள் பிசகும்

கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையத்தருகே கடைத் திண்ணையில் உறங்கும் ஓர் அம்மாவுக்குத் தொலைந்த தேசிய அடையாள அட்டையை மீளப் பெற்றுக் கொடுக்க முயன்றதில் எனக்கு மூன்று வாரங்கள் வீணாயின. பொலிஸ் முறைப்பாடு ஒரே காலையில் முடிந்தது. கிராம உத்தியோகத்தர் கேட்ட முகவரிக்குக் கடை முதலாளி கடிதம் தந்தார். பிறப்புச் சான்றிதழில்தான் எல்லாம் நின்றது. அவருக்குப் பிறந்த திகதி தெரியாது, எல்லோரும் அழைக்கும் பெயரோ பதிவேட்டில் இல்லை.

அவருடைய கிளினிக் கொப்பியின் மட்டையில், மழைநீரில் கரைந்தது போக, பழைய அட்டை இலக்கத்தின் முதல் ஐந்து எண்கள் எஞ்சியிருந்தன: 58574. முதலிரண்டும் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டப்படும். ஆகவே 1958இன் 74ஆவது நாள். நாட்காட்டியில் எண்ணி, பிறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில் மார்ச் 15 என்று எழுதிக் கொடுத்தேன்; அப்படியொரு பதிவு இல்லையென்று விண்ணப்பம் திரும்பியது. பெயரை மூன்று விதமாக மாற்றி எழுதி, மேலும் பத்து நாட்களைத் தொலைத்தேன்.

பிசகு பெயரில் இல்லை. அட்டை இலக்கக் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டுகளிலும் 29 நாட்கள். 1958 லீப் ஆண்டல்லாததால், பெப்ரவரிக்குப் பின் வரும் திகதிகளில் ஒரு நாளைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மார்ச் 14 என்று திருத்தி, தாயின் பெயரையும் சேர்த்துக் கொடுத்த அன்றே பதிவு அகப்பட்டது. அதிலிருந்த பெயரை வாசித்துக் காட்டியபோது, "அது அப்பம்மா வைச்ச பேர், தம்பி" என்றார். பெரிய நிம்மதி. அடையாள அட்டை விண்ணப்பம் மறுநாளே ஏற்கப்பட்டது.