வங்கி வசம் வந்த வீடுகளைப் பராமரிக்கும் தொழிலை இலங்கையின் மலையகத்தில் தொடங்குவது எப்படி?

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மலையகத்தில் கள்வரைவிடப் பெரிய பகை தண்ணீர். இந்தத் தொழிலைத் தொடங்க நினைப்பவர் முதலில் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

கடன் திருப்பிச் செலுத்தப்படாதபோது, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வங்கிகள் நீதிமன்றம் செல்லாமலே பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விற்கலாம். பராட்டே என்று நாம் சொல்வது இதைத்தான். ஏலத்தில் எவரும் கேட்க முன்வராவிட்டால் வங்கியே அதை வாங்கிக்கொள்ளும். மறுபடி விற்கும் வரை அந்த வீடு ஆளின்றிக் கிடக்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறைகளுக்குப் பெரும்பாலும் உறுதிப்பத்திரம் இல்லாததால் அவை ஈடாக வருவதில்லை. ஆகவே ஹட்டன், கம்பளை, பண்டாரவளை போன்ற நகரங்களை அண்டியே வேலை தேடுங்கள்.

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பதிந்துகொள்ளுங்கள். ஆட்களை வேலைக்கு அமர்த்தினால் ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் 12 சதவீதமும் அவர்களது சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். விலை குறிக்கும்போதே இதையும் கணக்கில் சேருங்கள்.

வங்கியின் எழுத்து மூலமான பணிப்பு இல்லாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள். உள்ளே இன்னும் குடும்பம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அவர்களை வெளியேற்றுவது உங்கள் வேலையன்று. வெறுமையான வீட்டிலும் சாமிப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரங்கள் கிடக்கக்கூடும். அவற்றைக் குப்பையோடு அள்ளாமல், பட்டியலிட்டுப் பெட்டியில் கட்டி வங்கியிடம் ஒப்படையுங்கள். வீட்டை இழந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது ஒன்றுதான்.

பிறகு மழைக்காலத்தைப் பாருங்கள். ஹட்டன், மஸ்கெலியா போன்ற மேற்குச் சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை அடிக்கும். பதுளைப் பக்கம் டிசம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ் மழை. அதற்கு முன்பே கூரைத் தகரத்தின் ஆணித் துளைகளை அடைத்து, பீலிகளில் தேங்கிய சருகை வழித்து, வீட்டின் பின்புறம் மலையை வெட்டிய மண்வெட்டை ஒட்டி ஓடும் வடிகாலான கானைத் திறந்துவிட வேண்டும், ஏனெனில் அந்தக் கான் அடைபட்டால் நீர் சுவருக்கு அடியில் இறங்கி மண்ணையே சரியச் செய்யும். மண்வெட்டிலோ தாங்குசுவரிலோ புதிய வெடிப்பு தெரிந்தால் நீங்களே சீமெந்து பூசி மறைக்காமல் அன்றைக்கே வங்கிக்கு அறிவியுங்கள். அதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார்தான் பார்க்க வேண்டும். பனிமூட்டம் அதிகமான இடங்களில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க, வெயில் எறிக்கும் நாளில் சன்னல்களைச் சில மணிநேரம் திறந்து வையுங்கள்.

ஒவ்வொரு முறை சென்றதும் திகதி விழும் படங்களை ஒரே கோணத்தில் எடுத்து, மின்மானி, நீர்மானி வாசிப்புகளுடன் வங்கிக்கு அனுப்புங்கள். அடுத்த மாதக் கட்டணத்தைக் கேட்கும்போது கையில் இருக்க வேண்டியவை அந்தப் படங்கள்தாம்.