கர்ப்பிணிகளுக்கு: இரும்புச்சத்து மாத்திரையை எப்படிச் சாப்பிட்டால் உடம்பில் சேரும்?

மாசமாக இருக்கும் பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சத்து மாத்திரை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காரணங்கள் பல, அதில் உடனே சரிசெய்யக்கூடியது மாத்திரை போடும் முறை.

1. உங்கள் ஹீமோகுளோபின் அளவைக் கேளுங்கள். "ரத்தம் கம்மியா இருக்கு" என்று சொன்னால் விடாதீர்கள், எவ்வளவு என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் உடனே பெரிய ஆஸ்பத்திரி.

2. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை, குறைந்தது 180 நாள். அளவு நன்றாக இருந்தாலும் போட வேண்டும். ஏற்கெனவே குறைவு என்றால் எத்தனை மாத்திரை என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

3. நேரம்தான் முக்கியம். டீ, காபி, பாலோடு போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். காலை எட்டு மணிக்கு டிபனோடு கால்சியம் போட்டால், பதினொரு மணிக்கு ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸோடு இரும்பு மாத்திரை போடுங்கள், நடுவில் டீ வேண்டாம். வயிற்றைப் புரட்டுகிறதா? ராத்திரி சாப்பிட்ட பிறகு, படுக்கப் போகும் முன் போடுங்கள்.

4. மலம் கறுப்பாகப் போகும். இதைப் பார்த்துப் பயந்துதான் நிறையப் பேர், வீட்டுப் பெரியவர்கள் பேச்சையும் கேட்டு, மாத்திரையை அப்படியே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அது உடம்பில் சேராத இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. மலச்சிக்கல் இருந்தால் தண்ணீர், கீரை, கொய்யாப்பழம் என்று கூட்டுங்கள், அப்படியும் முடியவில்லை என்றால் நர்ஸம்மாவிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக் கேளுங்கள், நிறுத்த மட்டும் வேண்டாம்.

5. மூன்று மாதம் தாண்டியதும் பூச்சி மாத்திரை ஒரு தடவை, அவர்கள் கொடுக்கும்போது மறுக்காதீர்கள். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும்.

6. சாப்பாட்டில் முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) நல்லது, நன்றாக வேக வைக்க வேண்டும். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி அதை மட்டுமே சாப்பிடாதீர்கள், அதில் இரும்பு கொஞ்சம்தான்.

பச்சரிசி, சாம்பல், சிலேட்டுக் குச்சி தின்னத் தோன்றுகிறதா? வெட்கப்படாமல் சொல்லுங்கள், அது ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் தயவுசெய்து திட்டாதீர்கள்.

7. ரத்தசோகைக்கு மருந்து தொடங்கியவர்கள் ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறவில்லை என்றால் ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள், தேவைப்பட்டால் குளுக்கோஸ் ஏற்றுவது போல இரும்பை நரம்பு வழியாக ஏற்றுவார்கள், அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்கிறார்கள்.