கேம் சேவுக்குக் காசு கட்டும் முன்

கேம் அழிந்தால் மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளலாம். நூறு மணி நேரம் ஆடிச் சேர்த்த சேவ் ஃபைல் (ஆட்டத்தில் எதுவரை வந்தோம் என்ற பதிவு) போனால் போனதுதான். அதனால் ஆன்லைன் சேமிப்புக்குப் பணம் கட்டலாமா என்று யோசிக்கும்போது சேவ் ஃபைலை மட்டும் கணக்கில் எடுங்கள்.

கணினி கேம்களுக்கான ஸ்டீமிலும், எக்ஸ்பாக்ஸிலும் இந்த ஆன்லைன் சேமிப்பு (கிளவுட் சேவ்) இலவசம். பிளேஸ்டேஷன் 5-இல் (பிஎஸ்5) அதற்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். அதில் ஆடும் பிஎஸ்4 கேம்களின் சேவ் ஃபைலை யுஎஸ்பியில் நகலெடுக்கலாம், பிஎஸ்5 கேம்களுக்கு அந்த வசதி இல்லை. கன்சோல் பழுதானால் என்ன ஆகும் என்று நினைத்தால், அங்கே சந்தா கட்டுவது நியாயம்தான்.

நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால் கொஞ்சம் கவனம். ஸ்பிளாட்டூன் 2 போன்ற சில கேம்களுக்கு கிளவுட் சேவ் கிடையாது. நின்டெண்டோவின் ஆன்லைன் சந்தா முடிந்தபின் 180 நாளுக்குள் மீண்டும் சேர்ந்தால்தான் பழைய சேவ் கிடைக்கும்.

இன்னொன்று, பலரும் மறப்பது: கருவியில் உள்ள சேவும் ஆன்லைனில் உள்ள சேவும் தானாக ஒன்றுபோல் ஆக்கப்படும்போது (ஒத்திசைவு) கெட்டுப்போன சேவும் மேலேறி, நல்லதை அழித்துவிடலாம். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆனது, ஒரு வாரம் கேம் பக்கமே போகவில்லை. எந்த சேவ் ஃபைலை வைத்துக்கொள்வது என்று திரையில் கேட்டால், தேதியைப் பார்க்காமல் பட்டனை அழுத்தாதீர்கள்.