கோபோல்ல ஃபைல் ஹேண்ட்லிங்: முதல் தடவை எழுதறவங்களுக்கு

கோபோல் 1959-ல தொடங்கின மொழி, ஆனா பேங்க், இன்சூரன்ஸ் மெயின்ஃப்ரேம்ல இன்னைக்கும் ஓடிட்டுத்தான் இருக்கு. அந்தக் கோடு கைக்கு வந்தா முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது ஃபைல் பகுதியத்தான். பழகறதுக்கு க்னூகோபோல்ங்கற கம்பைலர் போதும், ஃப்ரீயாவே கிடைக்குது.

ஸ்டெப் 1: ரெக்கார்டை (ஒரு கஸ்டமரோட விவரம் மாதிரி ஃபைல்ல இருக்கற ஒவ்வொரு பதிவு) எப்படி எடுக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லா ரெக்கார்டையும் தொடணும்னா சீக்வென்ஷியல், கஸ்டமர் நம்பர் குடுத்து நேரா ஒரே ஒரு ரெக்கார்டை எடுக்கணும்னா இண்டெக்ஸ்டு. ரிலேட்டிவ்னு மூணாவது ஒண்ணு இருக்கு, இப்போதைக்கு விட்டுடுங்க. எடிட்டர்ல டைப் பண்ணின டெக்ஸ்ட் ஃபைலா இருந்தா க்னூகோபோல்ல லைன் சீக்வென்ஷியல்னு போடுங்க, வெறும் சீக்வென்ஷியல்னு போட்டா வரி முடியற இடத்துல இருக்கற எழுத்தையும் டேட்டாவா எடுத்துக்கும், ரெண்டாவது ரெக்கார்டுல இருந்து எல்லா ஃபீல்டும் தள்ளிப் போயிடும்.

ஸ்டெப் 2: என்விரான்மெண்ட் டிவிஷன்ல, ஃபைல்-கண்ட்ரோலுக்குக் கீழ இப்படி வரும்:

செலெக்ட் கஸ்ட்-ஃபைல் அசைன் டு "கஸ்ட்.டாட்"
ஆர்கனைசேஷன் இஸ் இண்டெக்ஸ்டு
ஆக்சஸ் மோட் இஸ் டைனமிக்
ரெக்கார்ட் கீ இஸ் கஸ்ட்-நோ
ஃபைல் ஸ்டேட்டஸ் இஸ் டபிள்யூஎஸ்-ஸ்டேட்.

புள்ளி கடைசில ஒண்ணே ஒண்ணுதான், நடுவுல வச்சா செலெக்ட் அங்கயே முடிஞ்சிடும். டைனமிக்னா வரிசையாவும் படிக்கலாம், கீ (ரெக்கார்டை அடையாளம் காட்டற ஃபீல்டு, இங்க கஸ்ட்-நோ) வச்சும் படிக்கலாம்.

ஸ்டெப் 3: டேட்டா டிவிஷன்ல எஃப்டி (ஃபைல் டிஸ்க்ரிப்ஷன்) எழுதி ரெக்கார்டோட ஃபீல்டெல்லாம் குடுங்க, கீயா சொன்ன கஸ்ட்-நோ அதுக்குள்ளதான் இருக்கணும். ஸ்டேட்டஸ் ஃபீல்டு (டபிள்யூஎஸ்-ஸ்டேட்) மட்டும் வொர்க்கிங்-ஸ்டோரேஜ்ல, ரெண்டு எழுத்து அளவுல.

ஸ்டெப் 4: ஓப்பன். படிக்க மட்டும் இன்புட், இருக்கற ரெக்கார்டை மாத்த ஐ-ஓ, சீக்வென்ஷியல் ஃபைலோட கடைசில சேர்க்க எக்ஸ்டெண்ட். அவுட்புட்ல மட்டும் ரொம்ப கவனமா இருங்க, ஏற்கனவே இருக்கற ஃபைலை அவுட்புட்ல ஓப்பன் பண்ணினா உள்ள இருந்ததெல்லாம் போச்சு, கேக்காமலே அழிச்சிடும்.

ஸ்டெப் 5: லூப். ரீட் பண்றப்போ ஃபைல் பேரு, ரைட் பண்றப்போ ரெக்கார்டு பேரு, இத முதல்லயே மனசுல வச்சுக்கோங்க. லூப்புக்கு முன்னாடியே ஒரு ரீட் போடுங்க, உள்ள முதல்ல ரெக்கார்டை ப்ராசஸ் பண்ணிட்டு அப்புறம் கடைசி வரில அடுத்த ரீட். இத மாத்தி, உள்ள போனதும் ரீட் பண்ணிட்டு அட் எண்ட் (ஃபைல் முடிஞ்சு போச்சுங்கறது) வந்துச்சான்னு பார்க்காமலே ப்ராசஸ் பண்ணினா கடைசி ரெக்கார்டு ரெண்டு தடவை கணக்குல ஏறும், எர்ரர் எதுவும் வராது, டோட்டல் மட்டும் தப்பா நிக்கும்.

ஸ்டெப் 6: இதுதான் முக்கியம். ஓப்பன், ரீட், ரைட், ரீரைட், டெலீட், க்ளோஸ்னு ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஸ்டேட்டஸை பாருங்க. 00 வந்தா நல்லபடியா முடிஞ்சது. 10 ஃபைல் முடிஞ்சு போச்சு, அது தப்பு இல்ல. 22 அந்தக் கீ ஏற்கனவே இருக்கு, 23 தேடின கீ இல்ல, 35 ஃபைலே இல்ல. 39 வந்தா நீங்க எழுதின ரெக்கார்டு நீளமோ கீயோ டிஸ்க்ல இருக்கற ஃபைலோட ஒத்துப்போகல, செலெக்டையும் எஃப்டியையும் திரும்பப் பாருங்க. ஸ்டேட்டஸ் ஃபீல்டு குடுத்துட்டு செக் பண்ணாம விட்டா பெரும்பாலும் ப்ரோக்ராம் நிக்காம அடுத்த வரிக்குப் போயிடும், ஓப்பன் ஆகாத ஃபைல்ல இருந்து ரீட் பண்ணிட்டே இருக்கும், அட் எண்ட் வரவே வராததால லூப்பும் முடியாது.