பின் ஷாக் ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றுகிறீர்களா? சொதப்பல் தொடங்கும் இடங்கள்

பைக்கில் பின்னால் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் 'டங்'கென்று அடிக்கிறது. உடனே 'ஸ்பிரிங் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். எஃகுச் சுருள் அவ்வளவு லேசில் சோர்ந்துபோகாது. பெரும்பாலும் போவது அதற்குள்ளே இருந்து, குதிப்பை எண்ணெயால் அடக்கும் டேம்பர்தான். வண்டியின் வால் பக்கத்தை நன்றாக அழுத்தி விட்டுப் பாருங்கள். எழும்பி வந்து அடங்கிவிட்டால் டேம்பருக்கு உயிர் இருக்கிறது. இரண்டு மூன்று முறை குதித்தாலோ, ஷாக்கின் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலோ, ஸ்பிரிங்கை மாற்றிப் பயனில்லை. இன்னும் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் குதிப்பு கூடத்தான் செய்யும்.

டேம்பர் நன்றாக இருந்து, ஏறும் எடைக்கு ஸ்பிரிங் போதவில்லை என்றால் மாற்றுவது சரி. ஆனால் போதவில்லை என்பதை டேப் சொல்ல வேண்டும், முதுகு சொன்னால் போதாது. பின் சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு மூன்று முறை அளக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது 600 மில்லிமீட்டர், வண்டி தன் எடையில் நிற்கும்போது 588, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் 565 என்று வைத்துக்கொள்வோம். வண்டி தானாக 12 மி.மீ. அமிழ்கிறது, உங்களோடு சேர்ந்து 35. சாலையில் ஓட்டும் பெரும்பாலான வண்டிகளுக்கு இது நல்ல கணக்கு. மண்ணில் தாவும் மோட்டோகிராஸ் வண்டிகளின் கணக்கு வேறு, அவை ஆளோடு 100 மி.மீ. வரை அமிழும்.

பலரும் வழுக்கி விழுகிற இடம் அடுத்தது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் பிரீலோடு வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று நினைக்கிறோம். ஒரே சீரான சுற்றுகள் உள்ள ஸ்பிரிங் என்றால் ஆகாது. ஒரு மி.மீ. அமுங்க 90 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங், எவ்வளவு இறுக்கினாலும் அடுத்த மி.மீட்டருக்கும் அதே 90தான் கேட்கும். உயர்வது வண்டியின் பின்பக்கம் மட்டுமே. ஆளோடு 35 வரும்வரை இறுக்கிவிட்டு, தன் எடையில் எவ்வளவு அமிழ்கிறது என்று பாருங்கள். கிட்டத்தட்ட அமிழவே இல்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெத்தென்று இருக்கிறது. தலைகீழாகத் தோன்றும், மெத்தென்ற ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கித்தான் அந்த 35ஐ வரவழைத்திருக்கிறீர்கள் என்பதே காரணம். மாறாக, ஆளோடு 35 சரியாக வந்தும் வெறும் வண்டியே 25 அமிழ்ந்தால் ஸ்பிரிங் அதிகக் கடினம்.

வாங்கும்போது கண்ணளவை நம்பாதீர்கள். சுருளின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்ற அளவுகள் மாறாமல் கம்பி மட்டும் 12லிருந்து 13 மி.மீ. ஆனால், கடினம் ஏறத்தாழ 38 சதவீதம் கூடிவிடும். உள் விட்டம், நீளம், முழுதாக அமுங்கினால் எவ்வளவு என்பதையும் பாருங்கள். ஷாக் கடைசிவரை அமுங்கும்போது அடியை வாங்கும் ரப்பர் தடுப்பு தொடுவதற்கு முன்பே சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டால், அந்த அடியை முழுக்க வாங்குவது ஃபிரேம். நீளமான ஸ்பிரிங்கை வெட்டிப் பொருத்தும் யோசனையே வேண்டாம்.

இனி கழற்றும் வேலை. இதில் நானே ஒருமுறை மாட்டினேன். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில், வண்டியின் வாலைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டைக் கொடுத்துவிட்டு ஷாக்கின் கீழ் போல்ட்டை உருவினேன். சக்கரம் அப்படியே இருந்தது, வண்டியின் பின்பாதி மட்டும் கீழே இறங்கி மட்கார்டு டயர்மேல் உட்கார்ந்தது. இரண்டு நிமிடம் முன்புதான் அந்த இடைவெளியில் என் கை இருந்தது. ஷாக் போனபின் ஃபிரேமையும் ஸ்விங் ஆர்மையும் சேர்த்துப் பிடிப்பது ஒன்றுமில்லை. எனவே எடையை ஃபிரேமில் தாங்க வேண்டும்: சென்டர் ஸ்டாண்ட், இல்லையென்றால் ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி. இரட்டை ஷாக் வண்டி என்றால் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். போல்ட் வரவில்லை என்று சுத்தியலைத் தூக்க வேண்டாம். டயருக்கு அடியில் மரப்பலகையைச் செருகி லேசாகத் தூக்கினால், பாரம் விலகி விரலாலேயே வந்துவிடும்.

ஷாக் கையில் வந்ததும், மேலே பாரம் ஒன்றும் இல்லையே என்று அலட்சியம் வந்துவிடும். அதே 90 நியூட்டன் ஸ்பிரிங் 15 மி.மீ. இறுக்கத்தில் இருந்தால் உள்ளே 1,350 நியூட்டன் காத்திருக்கிறது, அதாவது இரண்டு ஆள் எடை. கயிறு, நைலான் பட்டை, காருக்கான பெரிய கொக்கி எதுவும் இதற்கு ஆகாது. வளையம் மரையில் ஓடும் மோனோ ஷாக் (ஒற்றை ஷாக்) என்றால் வளையத்தை முழுதாகத் தளர்த்தினாலே பெரும்பாலும் ஸ்பிரிங் விடுபட்டுவிடும், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் தேவைப்படாது. படிப்படியாகத் திருப்பும் வகைக்கு மோட்டார் சைக்கிள் ஷாக்குக்கென்றே உள்ள கம்ப்ரஸர் வேண்டும். அழுத்தும்போது முகம் தண்டின் நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது.

தளர்த்துவதற்கு முன் பழைய ஸ்பிரிங்கின் நீளத்தை ஷாக்கில் இருக்கும் நிலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மரையில் மண் இருந்தால் பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விடுங்கள். அது அலுமினியம். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டினால் வளையம் நசுங்கும், மரையும் போகும். சி வடிவ ஸ்பேனர்தான் அதற்குரிய கருவி. பளபளக்கும் தண்டை மட்டும் பிளையரால் பிடித்துவிடாதீர்கள். நகத்தில் தட்டுப்படும் ஒரு கீறல் போதும், ஆயில் சீல் கிழிந்து கசியும். கேஸ் டப்பா உள்ள ஷாக்கில் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும், அதைத் திறக்கவோ சூடாக்கவோ கூடாது.

ஒரு முனையில் மட்டும் சுற்று நெருக்கமாக உள்ள ஸ்பிரிங் என்றால், மாட்டும்போது அந்த முனை எந்தப் பக்கம் என்ற விவாதம் ஓயாது. பெரும்பாலும் மேலே வைப்பார்கள், தயாரிப்பாளர் சொன்னபடி செய்யுங்கள். இரட்டை ஷாக்கில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதும், இரண்டும் ஒரே படியில் நிற்பதும் அதைவிட முக்கியம். ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் பிளவுள்ள வளையம் அதன் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தபின் அழுத்தத்தை விடுங்கள். ரப்பர் தடுப்பு உதிர்ந்திருந்தால் மாற்றுங்கள், 'அது இல்லாமலும் ஓடும்' என்று தூக்கிப் போடாதீர்கள். போல்ட்டுகளை மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள்.

வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கியதும் உடனே கிளம்பத் தோன்றும். பின்பக்க உயரம் மாறியிருந்தால் செயின் தளர்வும் ஹெட்லைட் விழும் இடமும் மாறியிருக்கும், இரண்டையும் பாருங்கள். ஸ்பிரிங் கடினமாகியிருந்தால் ரீபவுண்டை (ஸ்பிரிங் திரும்ப எழும்பும் வேகத்தை அடக்கும் அமைப்பை) ஓரிரு கிளிக் கூட்ட வேண்டியிருக்கும். பக்கத்துத் தெருவரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பிரீலோடு வளையத்தை நகராமல் பூட்டும் லாக் வளையம் அசைகிறதா என்று பார்த்துவிட்டு, டேப்பை எடுத்து அதே மூன்று அளவுகளையும் மறுபடி எடுங்கள்.