அட்வெந்து முதல் அறுப்பின் பண்டிகை வரை: தொடக்கப் பள்ளி வகுப்பில் எப்படிக் கொண்டாடுவது?

முதல் வருடம் நான் நடத்திய கிறிஸ்துமஸை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தெர்மகோல் மாட்டுக்கொட்டில், வாடகைக்கு எடுத்த தேவதூதர் உடுப்பு, ஸ்பீக்கர் என்று அமர்க்களம். 38 பிள்ளைகளில் 9 பேருக்குத்தான் வேடம். மீதி 29 பேரும் தரையில் உட்கார்ந்து ஒருவர் முதுகை ஒருவர் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஒரு அம்மா வந்தார். "டீச்சர், அந்த ரெக்கை வச்ச கவுனுக்கு 200 ரூவா வாடகை. நாங்க பீடி சுத்துறவங்க. அடுத்த வருசம் எம் மவளை ஆடா போட்டுருங்க."

அதோடு என் முறையை மாற்றிக்கொண்டேன். ஒரு காலத்துக்கு ஒரு பொருள்தான். அதை எல்லாப் பிள்ளைகளும் தங்கள் கையால் செய்ய வேண்டும். ஆளுக்கு 5 ரூபாய்க்கு மேல் செலவு வைக்கக் கூடாது. நான் இருப்பது திருநெல்வேலிப் பக்கம், நாலாம் வகுப்பு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), பெந்தெகொஸ்தே பிள்ளைகளோடு இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். உங்கள் வகுப்பும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதலில் காலண்டரை எடுங்கள்

ஜூன் மாதமே இதைச் செய்துவிடுங்கள். கிறிஸ்துமஸ் எப்போதும் டிசம்பர் 25. அதற்கு முந்தின நாலு ஞாயிறுகள் அட்வெந்து, ஆர்.சி. வீடுகளில் திருவருகைக் காலம் என்பார்கள். 2026-ல் அது நவம்பர் 29 அன்று தொடங்குகிறது. ஈஸ்டர் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். மார்ச் 21-லோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு, இதுதான் கணக்கு. அதனால் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். 2027-ல் மார்ச் 22 பௌர்ணமி, 28 ஈஸ்டர். சபைக்கென்று தனி அட்டவணை இருப்பதால் சில வருடம் வானத்துப் பௌர்ணமியோடு ஓரிரு நாள் இடறும், கவலைப்படாதீர்கள்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போட விடுங்கள். தினசரி காலண்டர் ஒன்றைக் கிழிக்காமல் கொண்டுவரச் சொன்னால் போதும். போன முறை ஒருத்தி, "டீச்சர், எங்க பங்குனி உத்திரமும் அந்தப் பௌர்ணமியிலதான் வருது. நாங்க சாஸ்தா கோயிலுக்குப் போவோம்" என்றாள். நான் இத்தனை வருடமாகக் கவனிக்காத விஷயம் அது.

அப்புறம் தேர்வு. டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழு ஆண்டு. இரண்டும் நம் பண்டிகைகளின் தலையிலேயே வந்து உட்காரும். எனவே எந்த வேலையாக இருந்தாலும் ஒரு பீரியடுக்குள் முடிவதாகவோ, தினமும் 5 நிமிடம் மட்டும் கேட்பதாகவோ இருக்கட்டும்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை

அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. முழுக்க அரசு பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது. உதவி பெறும் பள்ளியிலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்க முடியாது. ஒரு பண்டிகை என்ன, வீடுகளில் அதை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கலாம். நிற்க வைத்து ஜெபம் சொல்ல வைக்கக் கூடாது. நான் டைரியில் நாலு வரி எழுதி அனுப்பிவிடுவேன், பெற்றோர் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

கிறிஸ்தவப் பிள்ளை என்றால் கேட்க வேண்டாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். பெந்தெகொஸ்தே சபைகள் சிலவற்றில் கிறிஸ்துமஸே கொண்டாடுவதில்லை. மற்றவர்களுக்குள்ளும் வார்த்தை மாறும். ஒரு வீட்டில் சூசையப்பர், இன்னொரு வீட்டில் யோசேப்பு. ஒருவருக்குத் தவக்காலம், மற்றவருக்கு லெந்து. செபம், ஜெபம். நான் கரும்பலகையில் இரண்டையும் எழுதிவிடுவேன். முஸ்லிம் பிள்ளைகள் இயேசுவை ஈசா நபி என்றும் மரியாவை மர்யம் என்றும் சொல்வார்கள். குர்ஆனில் மர்யம் பேரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு, 19-ஆவது. அதையும் எழுதுங்கள். அந்தப் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அட்வெந்துக்கு ஒரு சக்கரம்

ஹாம்பர்க் நகரத்தில் யோஹான் விஹெர்ன் என்பவர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். "கிறிஸ்துமஸ் எப்ப வரும், எப்ப வரும்" என்று அவர்கள் நச்சரிக்க, 1839-ல் பழைய வண்டிச் சக்கரம் ஒன்றில் 20 சின்ன மெழுகுவர்த்தியும் 4 பெரிய மெழுகுவர்த்தியும் வைத்தார். சின்னது வாரநாளுக்கு, பெரியது ஞாயிறுக்கு. தினம் ஒன்று ஏற்றிக்கொண்டே வந்தால் நாள் தானாகத் தெரியும். பிள்ளைகள் நச்சரிப்பதில் பிறந்த வழக்கம் என்பதால் நம் வகுப்புக்கு அச்சாகப் பொருந்துகிறது.

நாம் நெருப்பு வைக்கப் போவதில்லை. தலைக்கு மேல் ஃபேன், கீழே ரெட்டைச் சடைகள். அந்த ஆபத்து வேண்டாம். பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஆணியும் சணலும் வைத்து 50 செ.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். உள்ளே 35 செ.மீ. வட்டம் வெட்டி எடுத்தால் வளையம் கிடைக்கும். அதைச் சுற்றிச் சவுக்குக் கிளைகளை நூலால் கட்டுங்கள். நான் ஒரு தடவை வேப்பங்கொத்து கட்டி, ரெண்டே நாளில் சருகாகக் கூட்டி அள்ளினேன். சார்ட் பேப்பரைச் சுருட்டினால் மெழுகுவர்த்தி. பெரியதில் மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ரோஸ் நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. சின்னது எத்தனை என்பதைப் பள்ளி நாட்களை எண்ணி அவர்களே சொல்லட்டும். 38 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 19 ஜோடி. தினம் ஒரு ஜோடி வந்து ஒரு தாள் சுடரை ஒட்டிவிட்டுப் போகும். ஞாயிறுக்கு உரிய பெரிய சுடரைத் திங்கட்கிழமை ஒட்டிக்கொள்ளலாம்.

குடிலும் கேழ்வரகும்

குடில் என்பது இயேசு பிறந்த மாட்டுக்கொட்டிலின் சின்ன மாதிரி. எங்கள் ஊர் ஆர்.சி. வீடுகளில் அதற்குப் புல் வாங்க மாட்டார்கள், முளைக்க வைப்பார்கள். வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இதுதான், அறிவியல் பாடமும் சேர்ந்து முடிந்துவிடும்.

டிசம்பர் 10 வாக்கில் ஆரம்பியுங்கள். ஒரு கைப்பிடி கேழ்வரகை இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் தண்ணீரை வடித்து, ஐந்து பேருக்கு ஒன்று என்று சிரட்டைகளில் இரண்டு விரல் உயரம் மண் போட்டு, மேலே நெருக்கமாகத் தூவி, துளி மண்ணால் மூடுங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது, விரலால் தெளிக்க வேண்டும். இதைப் பத்துத் தடவை சொல்லுங்கள், பதினோராவது தடவையும் ஒருவன் பாட்டிலைக் கவிழ்ப்பான். இரண்டு மூன்று நாளில் வெள்ளையாக முளை தெரியும். பத்துப் பன்னிரண்டு நாளில் குடிலுக்குப் போதுமான பச்சை வந்துவிடும். ஒரு சிரட்டையை மட்டும் வேண்டுமென்றே பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். வெளிறிப்போய், மஞ்சளாக, நெட்டையாக வளர்ந்து நிற்கும். ஏன் என்று அவர்கள் கேட்கட்டும்.

உருவங்களுக்குக் குளத்துக் களிமண். ஆளுக்கு ஒன்று, யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது. 20 ஆடு வந்தாலும் பரவாயில்லை, மேய்ப்பர்களிடம் ஆடு அதிகமாகத்தானே இருக்கும்? ஒருவன் ஆட்டோ செய்து வைத்தான். ராஜாக்கள் தூரத்திலிருந்து வரவேண்டுமே என்றான். எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை. 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில் பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விலங்குகள் அவை. நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஆட்டோ.

பாலனை, அதாவது குழந்தை இயேசுவை, விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள் வரை வைக்காதீர்கள். தொட்டில் காலியாக இருக்கட்டும். ராஜாக்களை ஜன்னல் ஓரத்திலிருந்து தினம் ஒரு சாண் நகர்த்துங்கள். அவர்கள் வருகையைக் கொண்டாடும் ஜனவரி 6-ஐ ஒட்டித்தான் அவர்கள் குடிலுக்கு வந்து சேர வேண்டும். மத்தேயு நற்செய்தியில் அவர்களை ராஜாக்கள் என்றோ மூன்று பேர் என்றோ சொல்லவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் சாஸ்திரிகள், ஆர்.சி. வேதாகமத்தில் ஞானிகள். மூன்று காணிக்கையை வைத்து மூன்று பேர் ஆக்கிவிட்டோம்.

நாடகம் கட்டாயம் வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னால், வேடத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். உடுப்பு வீட்டில் இருப்பதுதான். மேய்ப்பனுக்கு அப்பா துண்டு, மரியாவுக்கு அம்மா சேலை.

தவக்காலம்

ஈஸ்டருக்கு முந்தின இந்த நோன்புக் காலத்தைச் சுருக்கமாகவே வைத்துக்கொள்கிறேன். அது தொடங்குவது நெற்றியில் சாம்பல் பூசும் சாம்பல் புதனில், ஆர்.சி.யில் திருநீற்றுப் புதன். 2027-ல் அது பிப்ரவரி 10. அன்றிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணினால் 46 வரும், ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. நல்ல மனக்கணக்கு. சாம்பலை வகுப்பில் தொடாதீர்கள், அது கோயிலில் நடக்க வேண்டியது. 'எதையாவது விட்டுவிடு' என்று பிள்ளைகளிடம் சொல்வதும் எனக்குப் பிடிக்காது. சத்துணவு முட்டைக்காக வரும் பிள்ளை எதை விடுவான்?

குருத்தோலைச் சிலுவை

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறுதான் குருத்து ஞாயிறு, 2027-ல் மார்ச் 21. அதற்கு முந்தின வெள்ளி இந்த வேலைக்குச் சரி. தென்னங்குருத்தோ பனங்குருத்தோ, தெரிந்தவர்களிடம் ரெண்டு நாள் முன்பே சொல்லி வையுங்கள். கொண்டுவந்ததும் ஈரத்துணியில் சுற்றுங்கள், காய்ந்தால் மடிக்கும்போது முறியும்.

1. தென்னையென்றால் ஈர்க்கை நகத்தால் கீறி உருவிவிடுங்கள். ஓர் ஓலைக்கு இரண்டு நாடா கிடைக்கும். ஓலை விளிம்பு விரலை அறுக்கும், மெதுவாக.

2. ஆளுக்கு மூன்று நாடா: 40 செ.மீ. ஒன்று, 24 செ.மீ. ஒன்று, நூல் மாதிரி மெல்லியதாகக் கிழித்த 30 செ.மீ. ஒன்று.

3. நீள நாடாவை நடுவில் மடித்து, மடிப்பு மேலே இருக்கும்படி பிடியுங்கள். இது நெடுக்குக் கட்டை.

4. அடுத்ததையும் நடுவில் மடித்து, நெடுக்குக் கட்டையின் இரண்டு அடுக்குக்கும் நடுவே குறுக்காக நுழையுங்கள். மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே வரட்டும்.

5. மெல்லிய நாடாவை முன்பக்கம் சாய்வாக ஒரு சுற்று, எதிர்ச் சாய்வாக இன்னொரு சுற்று. முன்னால் பெருக்கல் குறி தெரிய வேண்டும். நுனியைப் பின்னால் சுற்றுக்குள் செருகி இழுத்தால் முடிந்தது.

நாலாவதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். பக்கத்தில் இருப்பவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், நாலு கை இருந்தால் எளிது. ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: கோயிலில் மந்திரித்துத் தருவது வேறு, இது நாம் பழகச் செய்தது. கோயில் ஓலையைக் குப்பையில் போட மாட்டார்கள். அடுத்த வருடத் திருநீற்றுப் புதனுக்கான சாம்பல் அதை எரித்துத்தான் வருகிறது. வேண்டாம் என்கிற பிள்ளை அதே ஓலையில் கிலுகிலுப்பை செய்யட்டும், காற்றாடி செய்யட்டும்.

பெரிய வெள்ளியும் ஈஸ்டரும்

சின்னப் பிள்ளைகளிடம் ஆணியையும் இரத்தத்தையும் விவரிக்க வேண்டாம். 'இயேசுவைப் பிடிக்காதவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள், நண்பர்கள் அழுதார்கள்' என்ற அளவு போதும். கேட்டால் பதில் சொல்லலாம், நாமாகத் தொடங்க வேண்டியதில்லை.

இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் ஈஸ்டருக்குப் பத்து நாள் முன்பு பழைய கேழ்வரகு முறையிலேயே ஒரு தாம்பாளத்தில் விதையுங்கள். ஒரு மண் கலயத்தைப் படுக்க வைத்து வாய் மட்டும் தெரியும்படி மண்ணால் மூடினால் அதுதான் இயேசுவின் கல்லறை. உள்ளே ஒரு வெள்ளைத் துணி. வியாழக்கிழமை எல்லோரும் பார்க்க உருண்டைக் கல் ஒன்றால் வாயை அடையுங்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் வருவதற்கு முன்னால் போய்க் கல்லை நகர்த்திவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வருகைப் பதிவேட்டை எடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவன் கத்துவான்: "டீச்சர், உள்ள யாருமில்ல! துணி மட்டும் கெடக்கு!" அன்று விடியற்காலையில் கல்லறைக்குப் போன பெண்களும் இதைத்தான் சொன்னார்கள் என்று கதையை அங்கிருந்து தொடங்குங்கள்.

நேரம் இருந்தால், ஏலம்

அறுப்பின் பண்டிகைக்குத் தேதி சபைக்குச் சபை மாறும். கோயிலுக்கு விளைச்சலைக் கொண்டுவந்து படைத்து, பிறகு ஏலம் விடுவார்கள். ஒரு முருங்கைக்காய்க் கட்டு சந்தை விலைக்கு நாலு மடங்கு போகும்.

வகுப்பில் ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை, அதுதான் பணம். யாராவது கொண்டுவரும் கத்தரிக்காய், வாழைப்பழம், முட்டை ஏலப் பொருள். கொண்டுவர முடியாத பிள்ளைக்கு ஏலம் கூறும் வேலையைக் கொடுங்கள், அதற்குத்தான் அடிதடியே நடக்கும். போன வருடம் ஒருவன் தன் வீட்டுக் கோழி இட்ட முட்டையைக் கொண்டுவந்தான். ஏலம் ஏழு கொட்டைக்குப் போனதும் துடித்துப்போய், பத்தையும் கொட்டித் தன் முட்டையைத் தானே எடுத்துக்கொண்டான். சாயங்காலம் வரை அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஓடாமல், மெதுவாக நடந்தே வீட்டுக்குப் போனான்.